வவுனியாவில் இறங்கிக் கடைத்தெருவைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் போகிற அவசரத்தில் நம்மில் பலருக்கு வவுனியா தேத்தண்ணி குடிக்க வான் நிற்கும் இடம்தான். இந்தமுறை அரை நாளை ஒதுக்கி இறங்குங்கள். வட இலங்கையின் வன்னிப் பகுதியில் பழைய கடைத்தெரு என்று நடந்து பார்க்க இங்கேதான் ஏதோ மிஞ்சியிருக்கிறது.

கிளிநொச்சியில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய அந்த ஊர் போரில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே 1996, 1998, 2009 என மூன்று முறை கைமாறியது. இன்று கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி ஓரம் நிற்கும் கடைகள் அநேகமாகப் போருக்குப் பின் எழும்பியவை.

ரயிலில் வருவது நல்லது. 1905இல் காங்கேசன்துறை வரை பாதை பூர்த்தியானது. ரயிலும், ஏ9உம், மன்னார், ஹொறவப்பொத்தானை வீதிகளும் கூடுகிற ஊர் என்பதால் வன்னியின் நெல்லும் உழுந்தும் இங்கே கைமாறின. 1990இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது போரால் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர 2014 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 'பாஸ்' என்ற பயண அனுமதி எடுக்க இந்த ஊரில் நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். புறப்படுமுன் அவர்களிடம் கேளுங்கள், எந்தத் தெருவில் தங்கினார்கள் என்று. அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

புகையிரத நிலைய வீதியால் நடந்து பசார் வீதிக்கு வாருங்கள். பெயர்ப்பலகைகளைப் பார்க்காமல் அவற்றுக்கு மேலே பாருங்கள். கண்ணாடிக் கடைகளுக்கு இடையில் ஓட்டுக்கூரை தெரிந்தால் நில்லுங்கள். பழைய கடை என்றால் முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். முன்னால் கடை, பின்னால் களஞ்சியமும் குடியிருப்பும். வாசலில் நிலைக்கதவு இராது. மேலும் கீழும் வெட்டிய காடியில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி அடைப்பார்கள். பலகை மாறினால் பொருந்தாது, அதனால் இலக்கம் போட்டிருக்கும். பகலில் முழு வாசலும் திறந்து கடையும் தெருவும் ஒன்றாகிவிடும். உருட்டுக் கதவு வந்த பிறகு அந்த மரவேலை எங்கும் அருகிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், பத்துக்குப் பிறகு வெயில் தாங்காது. வெள்ளி மதியம் ஜும்ஆவுக்காக முஸ்லிம் கடைகள் சற்று நேரம் பூட்டியிருக்கும். ஞாயிறு தவிர்க்கலாம். படம் எடுக்குமுன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கூடவே கொஞ்சம் உழுந்தோ கச்சானோ வாங்குங்கள், அப்புறம் அவரே உள்ளே கூப்பிட்டுக் கூரை மரத்தைக் காட்டுவார்.