குறைந்த பயிற்சியோடு ஏற்றங்களில் பின்தங்காமல் இருக்க நான் செய்தவை

ஐம்பது வயதைக் கடந்தபின், கிருஷ்ணகிரியிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையின் ஏற்றங்களில், மிதிவண்டிப் பந்தயங்களுக்குத் தயாராகும் இளைய தோழர்களோடு சேர்ந்து செல்ல என்னால் இயலாமல் போயிற்று. பயிற்சிக்குக் கிடைத்த நேரமும் வேலைச் சுமையால் பாதியாகிவிட்டது.

வயதோடு உச்ச இதயத்துடிப்பும் உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனும் குறைவதை எந்தப் பயிற்சியாலும் முற்றிலும் நிறுத்த முடியாது. எனினும், 1980களில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் செய்த ஆய்வுகளில், வாரத்திற்கு 6 நாள் பயிற்சியை 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும், தீவிரம் குறையாதவரை அத்திறன் 15 வாரங்கள் வரை பெரும்பாலும் நிலைத்திருந்தது. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் இளையோரே என்றாலும், அந்த வழியையே நான் பின்பற்றினேன்.

இதயப் பரிசோதனை செய்துகொண்டு, அணைப் பக்கத்துச் சமவெளியில் நெடுநேரம் ஓட்டுவதைக் குறைத்து, ஏற்றத்தில் பேச முடியாத அளவு மூச்சு வாங்கும்படி 4 நிமிடம் மிதிப்பதும், பின் அதே அளவு நேரம் மெதுவாகச் செல்வதுமாக 4 சுற்றுகள் செய்யத் தொடங்கினேன். இத்தகைய இரு பயிற்சிகளுக்கு இடையே 2 நாள் இடைவெளி விடுவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் இந்த வயதில் தசைகள் மெதுவாகவே மீள்கின்றன. வேகத்திற்கு உதவும் தசை இழைகளே வயதோடு அதிகம் மெலிவதால், எடை தூக்கி உட்கார்ந்து எழும் பயிற்சியையும், களியோடு முட்டையும் கொள்ளுப் பயறும் உண்பதையும் வழக்கமாக்கினேன்.

இப்போது ஏற்றத்தின் உச்சிவரை அவர்களோடு செல்கிறேன். திடீர் வேகமெடுப்பில் மட்டும் இன்னும் முந்திவிடுகிறார்கள்.