அரியலூர் அம்மோனைட்டைப் பார்த்ததும் ‘கடல் ஏறியது’ என்று எழுதிவிடாதீர்கள்

அரியலூர்ப் பக்கம் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவம்) கிடைத்தது என்று செய்தி வந்தால் போதும், “அந்தக் காலத்தில் கடல் இவ்வளவு தூரம் ஏறி நின்றது, பிறகு வற்றிவிட்டது” என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். அந்தப் பாறைகள் படிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் (ஏறக்குறைய 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) உலகக் கடல் மட்டம் இன்றையதைவிட உயரமாக இருந்தது உண்மை. ஆனால் அரியலூர் இருக்கும் காவிரிப் படுகை, அதாவது மண் படிந்து நிரம்பிய பெரும் பள்ளம், பிறந்ததே தரை இறங்கியதால்தான். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா மூன்றுக்கும் இடையே நிலத்தின் மேலோடு இழுபட்டு மெலிந்தது; வடகிழக்கு தென்மேற்காகப் பள்ளங்களும், நடுநடுவே புதைந்த மேடுகளும் உண்டாயின.

பெரிய தவறு, படிவின் தடிமனைக் கடலின் ஆழமாக நினைப்பது. இந்தப் படுகையின் ஆழமான பகுதிகளில் படிவு 5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதற்காகக் கடலும் அவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது. தரை இறங்க இறங்க மண் வந்து நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் ஆழமுள்ள கடலை மண் முழுக்க நிரப்பினால், அந்த எடையே அடித்தரையை இன்னும் அழுத்துவதால், ஏறக்குறைய 200 முதல் 250 மீட்டர் வரை படிவு சேரும். கிலோமீட்டர் கணக்கில் சேர வேண்டுமானால் தரை தானாகவும் இறங்கியாக வேண்டும். மேலோடு இழுபடுவது நின்ற பிறகும் தரை இறங்குவது நிற்காது. அடியில் சூடேறிய பாறை ஆறிச் சுருங்கச் சுருங்க, முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும், கோடிக்கணக்கான ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். புவி இயற்பியலாளர் டான் மெக்கென்சி 1978-ல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்.

அப்புறம், இன்று அளக்கும் தடிமன் அன்று படிந்த தடிமன் இல்லை. சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்; மேலே சுமை ஏறினால் நசுங்கிவிடும். அதைத் திருத்தாமல் தரை இறங்கிய வேகத்தைக் கணக்கிடாதீர்கள்.

கடல் கரையைவிட்டு விலகினால் கடல் மட்டம் இறங்கியது என்பதும் அவசர முடிவு. ஆறு நிறைய மண் கொண்டுவந்தால், கடல் மட்டம் ஏறும்போதுகூட டெல்டா கடலுக்குள் முன்னேறும். ஸ்வீடனின் வடக்குக் கரையில் நிலமே ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயர்கிறது, அதனால் உலகக் கடல் ஏறும் இந்தக் காலத்திலும் அங்கே கடல் விலகிப் போகிறது. அதேபோல், அரியலூரில் நாம் பார்க்கும் பாறைகள் படுகையின் மேற்கு ஓரம். ஓரம் கொஞ்சம் உயர்ந்தாலே படிவு நின்று அரிப்பு தொடங்கிவிடும், அதே சமயம் நடுப்பகுதியில் மண் சேர்ந்துகொண்டே இருக்கலாம். ஓரத்தில் அடுக்குகள் விடுபட்டுத் தெரியும் ஒவ்வொரு இடைவெளியையும் உலகக் கடல்மட்ட வரைபடத்தின் ஒரு சரிவோடு பொருத்துவது எளிது, சரியா என்பது வேறு விஷயம். ஆழ்துளைக் கிணற்றிலும் அதே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் அதை நம்பமாட்டேன்.

இதே படுகையில் உள்ள காரை கிராமத்துக் களிமண் மேடுகளுக்குப் போகிறவர்கள் ஏமாறுவது ஜிப்சத்தில். வெயிலில் பளபளக்கும் ஜிப்சத் தகடுகளைப் பார்த்ததும், கடல் வற்றி உப்பாகப் படிந்தது என்று நினைக்கத் தோன்றும். குனிந்து பாருங்கள்: பல இடங்களில் அது களிமண் அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, விரிசலை நிரப்பிய நரம்பு. அடுக்கு படிந்த பிறகு வந்தது அது. களிமண்ணுக்குள்ளேயே கிடக்கும் பெலம்னைட்டும் (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவம்) அம்மோனைட்டும் அங்கே திறந்த கடல் இருந்ததைத்தான் சொல்கின்றன.