இலையிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் சேர்மங்களைப் பிரித்தெடுப்பது எப்படி?

எந்த மூலிகையானாலும் ஒரு விதியை விடாதீர்கள்: டிபிபிஎச் (DPPH, ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் ஊதாவிலிருந்து மஞ்சளாக வெளுக்கும் வேதிப்பொருள்) சோதனை செய்யாமல், பிரிந்து வரும் எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள். கரைப்பான்கள் தீப்பற்றும், வேலை முழுக்க ஃபியூம் ஹுட்டுக்குள்ளேயே (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு).

1. இலையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சூடடுப்பில் (oven) உலர்த்தினால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். கையில் நொறுங்கும் பதத்தில் அரையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நொதிகள் பாலிஃபீனால்களைக் கெடுத்துவிடும். பொடி பழுப்பாவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

2. 50 கிராம் பொடிக்கு 500 மி.லி. 70% எத்தனால். இருட்டில் 24 மணி நேரம் ஊறட்டும். வடிகட்டி, சக்கையை இன்னொரு முறை ஊறவைத்து, இரண்டையும் சேருங்கள்.

3. ரோட்டரி எவாப்பரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரியில் எத்தனாலை முழுவதும் நீக்குங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எத்தனால் தங்கினால் அடுத்த படியில் தண்ணீரும் எத்தில் அசிடேட்டும் ஒன்றோடொன்று கலந்து, அடுக்கு சரியாகப் பிரியாது.

4. மிஞ்சிய தண்ணீர்க் கரைசலைப் பிரிபுனலில் ஊற்றி, முறைக்கு 100 மி.லி. ஹெக்சேன் சேர்த்து மூன்று முறை குலுக்கிப் பிரியுங்கள். கொழுப்பும் பச்சையத்தில் பெரும்பங்கும் மேல் அடுக்கில் வெளியேறும். பிறகு எத்தில் அசிடேட், அதேபோல மூன்று முறை. இதுவும் மேலேதான் நிற்கும். ஃபிளேவனாய்டுகளும் ஃபீனாலிக் அமிலங்களும் பெரும்பாலும் இதில் வரும். சர்க்கரை அதிகம் கோத்த கிளைகோசைடுகள் தண்ணீரிலேயே தங்கும். அதனால்தான் அதையும் வைத்திருக்கச் சொல்கிறோம். புனலை முரட்டுத்தனமாக ஆட்டினால், குறிப்பாக சப்போனின் (சோப்புபோல நுரைக்கும் பொருள்) உள்ள இலையில், நடுவே நுரைக்கட்டி நிற்கும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். மீறி வந்தால் கொஞ்சம் உப்பு போடுங்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிறகு, புனல் கவிழ்ந்திருக்கும்போதே அதன் குழாயைத் திறந்து ஆவியை விடுங்கள்.

5. எத்தில் அசிடேட் பகுதியை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி ஆவியாக்குங்கள். சிலிக்கா பூசிய டிஎல்சி (TLC, மெல்லடுக்கு வண்ணப்பிரிகை) தகட்டில் புள்ளி வைத்து, டொலுவீன், எத்தில் அசிடேட், ஃபார்மிக் அமிலம் 5:4:1 கலவையில் ஓட்டுங்கள். தகடு நன்றாகக் காய்ந்ததும் 0.2% டிபிபிஎச் மெத்தனால் கரைசலைத் தெளியுங்கள். ஊதாப் பின்னணியில் மஞ்சளாக வெளுக்கும் புள்ளிதான் நீங்கள் தேடுவது.

6. 1 கிராம் சாரத்துக்கு 50 கிராம் சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) ஹெக்சேன்–எத்தில் அசிடேட் 9:1-இல் தொடங்கி, எத்தில் அசிடேட்டைப் படிப்படியாகக் கூட்டுங்கள். 10 மி.லி. வீதம் சேகரித்து, டிஎல்சியில் ஒன்றுபோலத் தெரிபவற்றைச் சேருங்கள். இந்தக் குழாயின் சிலிக்கா ஒருமுறை வறண்டாலும் விரிசல் விழுந்து பிரிப்பு வீணாகும். துருவத்தன்மை மிகுந்த பாலிஃபீனால்கள் சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு சிலிக்காவுக்குப் பதில் செஃபாடெக்ஸ் எல்எச்-20 (குழாயில் நிரப்பும் ஒரு ஜெல்), மெத்தனாலோடு.

7. ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளவிட 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் போதும்: 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. டிபிபிஎச். இந்தக் கரைசலில் சாரம் சேர்த்து 30 நிமிடம் இருட்டில் வைத்து, நிறமாலைமானியில் 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். சாரத்துக்கே நிறமிருந்தால், டிபிபிஎச் இல்லாத சாரக் கரைசலையும் படித்து அந்த மதிப்பைக் கழியுங்கள்.