குஜோ ஹச்சிமான் போனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

ஜப்பானில் நகோயாவிலிருந்து தகயாமா, ஷிரகாவாகோ என்று வடக்கே போகிறவர்களில் பலர் வழியில் குஜோ ஹச்சிமானில் இறங்கி, கோட்டையை ஒரு எட்டு பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் நேரம் என்றால் இந்த ஊரை விட்டுவிடுங்கள், வேறு கோட்டை எத்தனையோ இருக்கிறது. கிஃபு மாகாணத்து மலைகளுக்கு நடுவே, யோஷிதா ஆறு நகரா ஆற்றோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தச் சின்ன ஊரில் பார்க்க வேண்டியது தண்ணீர்தான், அதிலும் பாதி காதால் அனுபவிக்க வேண்டியது. பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகுதான் வீட்டு வாசல்தோறும் ஓடும் வாய்க்கால் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

போவதற்கு இரண்டு வழி. நகோயாவிலிருந்து நேரடிப் பேருந்தில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது நிறுத்தத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஜோகாமாச்சி பிளாசா என்றால் ஊருக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள், இன்டர்சேஞ்ச் என்றால் நெடுஞ்சாலையோரம், அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டாவது வழி ரயில். மினோ-ஓட்டா வரை ஜேஆர் (ஜப்பானின் பெரிய ரயில் நிறுவனக் குழுமம்), அங்கே மாறி நகராகவா ரயில்வேயின் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியில் ஏறினால் ஏறக்குறைய 80 நிமிடம், ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டித் தாண்டிப் போகும். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஜேஆர் பாஸ் மினோ-ஓட்டாவோடு சரி, அதற்கப்புறம் தனி டிக்கெட். வண்டிகளும் குறைவு, ஒன்றை விட்டால் நீண்ட நேரம் உட்கார வேண்டியிருக்கும், அதனால் நேர அட்டவணையை முன்னாடியே பார்த்துவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பழைய ஊர் 20 நிமிட நடை.

முதலில் சோகிசுய் ஊற்றுக்குப் போங்கள். 1985-இல் ஜப்பான் அரசு நாட்டின் சிறந்த 100 நீர்நிலைகளைத் தேர்ந்தெடுத்தபோது பட்டியலில் முதலாவதாக வந்தது இது. தொட்டி தடுப்பு தடுப்பாக இருக்கும், மேலே குடிக்க, அடுத்தது அரிசி கழுவ, அதற்கடுத்தது காய்கறிக்கு என்று வரிசை. முதல் தடுப்பில் கை கழுவிவிடாதீர்கள், தெரியாமல் செய்தாலும் அது ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீர். வீடுகளை ஒட்டிய 'மிசுபுனே' தொட்டிகளிலும் இதே முறைதான், பாத்திரத்திலிருந்து போகும் சோற்றுப் பருக்கையைக் கடைசிக் குளத்து மீன்கள் தின்றுவிடும், அப்புறம்தான் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். தெரு வாய்க்கால்களில் குறுக்கே மரப்பலகை சொருகியிருப்பதைப் பார்ப்பீர்கள், அது தண்ணீரைத் தேக்கித் துவைக்கவும் கழுவவும். அதை எடுத்து விளையாட வேண்டாம்.

இத்தனை வாய்க்கால் அழகுக்காக வெட்டியதில்லை, தீயணைக்கத் தண்ணீர் வேண்டுமென்றுதான். மர வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஊர், தீப்பிடித்தால் தெருவே போய்விடும். 1919-இல் ஊரின் வடபகுதி அப்படித்தான் எரிந்தது. ஷொகுனின்மாச்சி, கஜியாமாச்சி தெருக்களில் நடக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள், கூரைக்குக் கீழே தீயணைக்கும் வாளிகள் தொங்கும்.

கோட்டை 1933-இல் மரத்தால் திரும்பக் கட்டியது. பெரும்பாலான ஊர்களில் பின்னாளில் கான்கிரீட்டில் கட்டினார்கள், அந்த வகையில் இது பரவாயில்லை. ஏற்றம் மூச்சு வாங்கும், மேலே போனால் ஊர் முழுவதும் தெரியும். நவம்பரில் மேப்பிள் இலைகள் சிவக்கும் சமயம் என்றால் கட்டாயம் ஏறுங்கள்.

கோடையில் போகிறவர்களுக்குத்தான் பெரிய விஷயம் இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை முப்பது ராத்திரிக்கு மேல் குஜோ ஒதோரி நடனம், ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய. 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜப்பானிய நாட்டுப்புற நடனங்களில் இதுவும் ஒன்று. மேடை, பார்வையாளர் என்று பிரிவினை கிடையாது, யார் வேண்டுமானாலும் வட்டத்தில் நுழையலாம். உள்வட்டத்தில் நன்றாக ஆடுகிற ஒருவரைப் பார்த்து வையுங்கள், முதலில் கையை விடுங்கள், காலை மட்டும் பின்பற்றுங்கள். 'கவாசாகி' நிதானமான பாட்டு, அதில் தொடங்கலாம். 'ஹருகோமா' வந்தால் குதிரை மாதிரி துள்ள வேண்டும், புதுசாக கெத்தா மரச்செருப்பு வாங்கிப் போட்டிருந்தால் கால் பெருவிரல் பக்கம் தோல் உரியும், பிளாஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நாளுக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வேறு வாரம் போங்கள், நடனம் அதேதான்.

கோடையிலேயே இன்னொன்று: ஷின்பாஷி பாலத்திலிருந்து உள்ளூர்ப் பிள்ளைகள் யோஷிதா ஆற்றில் குதிப்பார்கள், சுமார் 12 மீட்டர் உயரம். சின்ன வயதில் தாழ்ந்த பாறையில் தொடங்கிப் படிப்படியாகப் பழகியவர்கள் அவர்கள். நீங்கள் கைதட்டினால் போதும்.

சாப்பாட்டுக்கு அயு என்ற ஆற்று மீனை உப்புத் தடவிச் சுட்டுத் தருவார்கள், கோடையில்தான் அதன் பருவம். கெய்சான் என்ற கோழி வறுவலும் இந்தப் பக்கத்துச் சமையல். சைவம் என்றால் கவனம், சோபா நூடுல்ஸின் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். சின்ன ஊர், கடைகள் சீக்கிரம் மூடிவிடும், இரவுச் சாப்பாட்டைத் தங்கும் விடுதியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கையில் யென் பணமாக இருக்கட்டும்.

ஜப்பானிய உணவக வாசல்களில் கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மைச் சாப்பாட்டைத் தொழிலாக வளர்த்த இவாசாகி தகிசோ இந்த ஊர்க்காரர். மெழுகில் தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிக்கும் பண்டம்) செய்து பார்க்கப் பயிற்சிக் கூடங்கள் உண்டு. மழை வந்தால் அங்கே போய் உட்காருங்கள், குழந்தைகளோடு போனால் மழை வராவிட்டாலும்.

மறுநாள் காலையில் கடைகள் திறக்கும் முன்பே இகாவா சந்துக்குப் போய்விடுங்கள். ஆள் ஒருவர் நடக்கிற அகலம், பக்கத்திலேயே வாய்க்கால், அதில் முழங்கை நீளத்துக்குக் கெண்டைகள். நீங்கள் நின்றால் அவையும் இரை வருமென்று நின்றுவிடும்.