டிக்ரி கிடைத்தும் பணம் வராதது ஏன்: நிறைவேற்று மனுவில் நடக்கும் தவறுகள்

பணத்துக்காகப் போட்ட வழக்கில் ஜெயித்துவிட்டால் மீதியை நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும் என்ற உத்தரவுதான் டிக்ரி. கடனாளிக்கு எங்கே வீடு, எந்த வங்கியில் கணக்கு, யாரிடம் வேலை என்று நீதிமன்றம் தானாகத் தேடாது. டிக்ரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போடுவது, பேட்டா (நோட்டீஸ், வாரண்ட் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, சொத்து விவரம் தருவது, அமீனாவுக்கு (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியருக்கு) இடத்தை அடையாளம் காட்டுவது எல்லாம் டிக்ரிதாரரின், அதாவது டிக்ரி வாங்கியவரின் பொறுப்பு.

12 ஆண்டு இருக்கிறதே என்ற தெம்பு

பண டிக்ரியை நிறைவேற்ற 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் (சரத்து 136) 12 ஆண்டு தருகிறது. கேட்க நிறைய காலம் போலத் தோன்றும். ஆனால் கணக்கு தீர்ப்பு நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது, சான்றிட்ட நகல் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. 12 ஆண்டு கடந்து ஒரே ஒரு நாள் தாமதமானாலும் அதே சட்டத்தின் பிரிவு 5-ன் கீழ் மன்னிப்புக் கேட்க முடியாது. டிக்ரியை நிறைவேற்றுவது பற்றிய, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21-ன் கீழ் போடும் மனுக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

பலரையும் கவிழ்ப்பது இன்னொன்று. புரோநோட்டுக் கடனில் இடையில் கொஞ்சம் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ புதுக் காலக்கெடு பிறக்கும். அதே பழக்கத்தில், டிக்ரிக்குப் பிறகும் கடனாளி வருஷா வருஷம் ஏதோ கொடுக்கிறார், கடிதம் எழுதித் தருகிறார் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். டிக்ரி தொகைக்கு இது எடுபடாது. காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 18, 19 இரண்டின் விளக்கங்களும் டிக்ரியை வெளியே நிறுத்திவிட்டன. தவணையில் கட்டும்படி டிக்ரியே சொல்லியிருந்தால் மட்டும், தவணை தவறிய நாளிலிருந்து அந்தத் தவணைக்குக் காலம் ஓடும்.

எதிர்த்தரப்பு அப்பீல் போட்டுவிட்டதாம் என்று கையைக் கட்டி உட்காருவதும் வீண். அப்பீல் போட்டதாலேயே தடை வந்துவிடாது. தடையாணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறைவேற்று மனு நடக்கும். தடை இருந்த காலம் மட்டும் 12 ஆண்டுக் கணக்கிலிருந்து கழியும்.

காத்திருப்பதன் உண்மையான விலை காலவரம்பு அல்ல. அந்த இடைவெளியில்தான் வீடு மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மென்ட் ஆகிறது. ஜப்திக்குப் பிறகு நடக்கும் தனியார் மாற்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 64-ன்படி டிக்ரிதாரருக்கு எதிராகச் செல்லாது (இனி வரும் பிரிவுகள் இந்தச் சட்டத்தவை, விதிகள் இதன் கட்டளை 21-ல் உள்ளவை). ஜப்திக்கு முன்பே நடந்துவிட்டால், அது மோசடி மாற்றம் என்று நிரூபிக்கத் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். தவிர, டிக்ரி தேதியிலிருந்து 2 ஆண்டு தாண்டினால் கட்டளை 21 விதி 22-ன்படி கடனாளிக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். அதாவது, சொத்தை மாற்ற அவருக்கு நீங்களே மணி அடித்துச் சொல்கிறீர்கள்.

முதல் மனுவே கைது மனுவா?

உள்ளே தள்ளினால் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. ஏதுமில்லாதவரை உள்ளே தள்ள முடியாது என்பதுதான் சட்டம். தப்பி ஓடப் பார்க்கிறார், சொத்தைக் கள்ளத்தனமாக மாற்றினார், அல்லது கட்ட வசதி இருந்தும் மறுக்கிறார் என்பது போன்ற காரணத்தைக் காட்டினால்தான் பிரிவு 51 இடம் தரும். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம், வெறும் இயலாமைக்குச் சிறை இல்லை என்று தெளிவாகச் சொன்னது. வசதி இருப்பதைக் காட்டும் சுமை உங்கள் மேல். பண டிக்ரியில் பெண்ணைக் கைது செய்யவே முடியாது (பிரிவு 56). தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் அதிகபட்சம் 3 மாதம் சிறை, அங்கே அவருக்கான சாப்பாட்டுப் படியும் டிக்ரிதாரர்தான் கட்ட வேண்டும். வெளியே வந்த பிறகு கடன் அப்படியே நிற்கும். அதே டிக்ரிக்கு மறுபடி கைது கிடையாது. மிரட்டலுக்கு இருந்த ஒரே ஆயுதம் அத்தோடு தீர்ந்தது.

இதற்கு முன் செய்ய வேண்டியது, பலர் மறந்துவிடும் கட்டளை 21 விதி 41. டிக்ரி 30 நாள் கட்டப்படாமல் இருந்தால், தன் சொத்து விவரம் முழுவதையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யக் கடனாளிக்கு உத்தரவிடும்படி கேட்கலாம். நேரில் அழைத்து விசாரிக்கவும் கேட்கலாம். உத்தரவை மதிக்காவிட்டால் 3 மாதம் வரை சிறை. இங்கே வசதியை நிரூபிக்கும் பிரச்சினை இல்லை, கீழ்ப்படியாததே குற்றம். என் கருத்தில் சொத்து தெரியாத நிலையில் முதலில் போட வேண்டிய மனு இதுதான். கைது மனுவுக்குத் தேவையான ஆதாரமும் பெரும்பாலும் இதில்தான் கிடைக்கும்.

எதைத் தொடலாம், எதைத் தொட முடியாது

பிரிவு 60 படிக்காமல் மனு போட்டால் வாய்தா வீணாகும். சமையல் பாத்திரம், துணிமணி, தொழிலாளியின் கருவி, விவசாயியின் உழவு மாடு, அரசு ஓய்வூதியம், சேமநல நிதி, கடனாளியின் ஆயுள் காப்பீட்டில் வரும் பணம் இவற்றில் கை வைக்க முடியாது.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காப்பு. விலக்குப் பெற்ற படிகள் போக மாதச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 39,000-ல் மூன்றில் ஒரு பங்கான 13,000 மட்டும் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். பிறகு அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தைத் தொடவே முடியாது. ஆகக் கிடைப்பது 3,12,000. டிக்ரி 10 லட்சம் என்றால் சம்பளத்தை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வங்கிக் கணக்குக்கு, கொடுக்கல் வாங்கலில் அவர் தந்த பழைய காசோலையின் நகல் வழக்குக் கட்டிலேயே இருக்கிறதா பாருங்கள். கணக்கு எண்ணும் கிளையும் அதில் உண்டு. ஜப்தி உத்தரவு போய்ச் சேரும்போது கணக்கில் இருப்பு இருந்தால்தான் பிடிபடும்; அது வங்கிக்கே அவர் பணம் தர வேண்டிய ஓவர்டிராஃப்ட் கணக்கானால் பிடிக்க ஒன்றுமில்லை.

நிலத்துக்கு சர்வே எண், நான்கு எல்லை, கடனாளியின் பங்கு எவ்வளவு என்பது மூன்றும் மனுவில் வேண்டும். கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி பங்கையும் சேர்த்து எழுதினால் விதி 58-ன் கீழ் ஆட்சேப மனு வந்து, அது ஒரு தனி வழக்குப் போல ஓடும். ஜப்தி உத்தரவு சார்பதிவாளர் அலுவலகம் போய் வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். உத்தரவு வழக்குக் கட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருப்பது அபூர்வமல்ல.

சொத்து வேறு நீதிமன்ற எல்லையில் இருந்தால் டிக்ரியை அங்கே மாற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும் (பிரிவு 39). நிறுவனத்தின் மேல் வாங்கிய டிக்ரியை வைத்து இயக்குநரின் சொந்த வீட்டுக்குப் போக முடியாது. அந்த நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போய் மோரடோரியம் (வசூல் நடவடிக்கைகளுக்குத் தற்காலிகத் தடை) வந்துவிட்டால் நிறைவேற்று மனு நின்றுவிடும். அங்கே உரிமைக் கோரிக்கை கொடுப்பதுதான் வழி.

வழக்குக் கட்டிலுள்ள சிறு ஓட்டைகள்

வட்டியை டிக்ரியில் உள்ளபடி மட்டும் போடுங்கள். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி பற்றி டிக்ரி எதுவும் சொல்லவில்லை என்றால், மறுக்கப்பட்டதாகவே பொருள். ஒப்பந்தத்தில் 24 சதவீதம் இருந்தது என்று நிறைவேற்று மனுவில் சேர்க்க முடியாது.

வெளியே வாங்கிய பணத்தை விதி 2-ன்படி நீதிமன்றத்தில் பதியுங்கள். வாங்கியதை மறைத்து முழுத் தொகைக்கு மனு போடுவது பொய்ச் சத்தியம். கடனாளிக்கும் ஒரு சொல்: பதிவாகாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது, பதியும்படி நீங்கள் மனு போட 30 நாள்தான் இருக்கிறது.

கடனாளி ஆஜராகாமல் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பானால் சம்மன் அவருக்குச் சரியாகச் சார்பு ஆனதா, அதாவது போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பழைய விலாசத்துக்குப் போயிருந்தால், ஜப்தி வரும் நாளில்தான் எனக்கே தெரியும் என்று டிக்ரியையே ரத்து செய்யக் கேட்பார்.

பேட்டா கட்டத் தவறி, வாய்தாவுக்குப் போகாமல் மனு தள்ளுபடியானால், ஜப்தி தொடரும் என்று நீதிமன்றம் குறிப்பாகச் சொல்லாதவரை ஜப்தியும் போய்விடும் (விதி 57). 12 ஆண்டுக்குள் புது மனு போடலாம்தான். நடுவில் சொத்து விற்றுப்போயிருந்தால் என்ன செய்வது? ராகுல் ஷா வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுவை 6 மாதத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறது. வாய்தா இழுக்கும்போது அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்; ஆனால் இழுப்பது உங்கள் பக்கமாக இருக்கக் கூடாது.

ஏலம் வரை வந்த பிறகு

2 லட்சத்துக்காக 50 லட்ச வீட்டை முழுதாக ஏலத்துக்குக் கொண்டுவராதீர்கள். கடனை அடைக்கத் தேவையான பகுதியை மட்டுமே விற்க வேண்டும் என்பது விதி 64; மீறினால் ஏலமே ரத்தாகலாம். நீங்களே ஏலம் கேட்க நினைத்தால் முன் அனுமதி வாங்குங்கள். வெளியார் எடுத்தால் 25 சதவீதத்தை உடனேயும் மீதியை 15 நாளிலும் கட்ட வேண்டும், தவறினால் மறு ஏலம். 60 நாளுக்குள் கடனாளி டிக்ரி தொகையோடு ஏலதாரருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதம் சேர்த்துக் கட்டி ஏலத்தை ரத்து செய்துகொள்ளலாம், ஆகவே அதற்குள் பணம் வந்ததாக எண்ண வேண்டாம். வேறு கடன்காரர்களும் டிக்ரி வைத்திருந்து, பணம் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன் மனு போட்டிருந்தால் விகிதப்படி பங்கு போகும் (பிரிவு 73). நீங்களே ஏலத்தில் எடுத்த சொத்தானால், ஏலம் உறுதியான நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் சுவாதீனம் கேட்டு மனு போட்டுவிடுங்கள்.