உடம்பால் சொல் பழக்கும்போது விடும் பிழைகள்

ஜேர்மனியில் இருக்கும் கணவரோடு போய்ச் சேர, பெரும்பாலானோர் விசாவுக்கு முன்பே ஏ1 என்ற ஆரம்ப மட்டத்தில் ஜேர்மன் படித்திருக்க வேண்டும். 2007இல் வந்த விதி இது. கொழும்பு வெள்ளவத்தையில் இதற்காக வகுப்புக்குப் போகும் பெண்கள் பலர் சொற்களைக் கொப்பியில் திரும்பத் திரும்ப எழுதித்தான் பாடமாக்குகிறார்கள். கட்டளையைக் கேட்டு, அதை உடம்பால் செய்து பழகினால் சொல் நன்றாக மனதில் நிற்கும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஜப்பானிய, ரஷ்ய மொழிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்.

வகுப்பில் இது சரிவராமல் போவதற்குப் பெரிய காரணம் ஆசிரியரின் கை. “மாஹன் ஸீ டீ ட்யூர் அவுஃப்” என்றால் கதவைத் திறவுங்கள். கடைசிச் சொல் “ட்ஸூ” என்றால் மூடுங்கள். திறப்பதா மூடுவதா என்பது வசனத்தின் கடைசியில்தான் தெரியவரும். ஆசிரியர் சொல்லிக்கொண்டே கையால் காட்டினால் யாரும் அந்தக் கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்க மாட்டார்கள், கையைப் பார்த்தே செய்துவிடுவார்கள். இரண்டு மூன்று தரம் செய்து காட்டுங்கள், அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள். அரைக் கதவில் ஒருவர் நின்று “ட்ஸூ”வா “அவுஃப்”ஆ என்று காது கொடுக்கிறாரே, சொல் உள்ளே போவது அப்போதுதான்.

கட்டளைகளை ஒரே வரிசையில் சொல்வதும் இதே பிழைதான். எழும்பு, நட, நில், இரு என்று தினமும் அதே ஒழுங்கில் வந்தால் காதுக்கு வேலையே இல்லை. கலைத்துச் சொல்லுங்கள். கதிரை, பை, யன்னல் என்று பொருளையும் மாற்றுங்கள்.

வளர்ந்தவர்களை, அதுவும் ஒரு புதுப் பெண்ணைத் தனியாக முன்னுக்குக் கூப்பிட்டு நடக்கச் சொல்லாதீர்கள். வெட்கத்தில் காது அடைத்துவிடும். முதல் கிழமை எல்லோரும் இருந்த இடத்திலேயே பேனையை எடுக்கட்டும், புத்தகத்தைத் திறக்கட்டும். உடனே பேசு என்று நெருக்கவும் வேண்டாம். கேட்டு விளங்கிய பிறகு பேச்சு வரும்.

“நம்பிக்கை”, “காரணம்” போன்ற சொற்களை நடித்துக் காட்ட மினக்கெட வேண்டாம். அவற்றைத் தமிழிலேயே சொல்லிவிடலாம், நேரம் மிச்சம்.

கட்டளை பழகியதும் மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லட்டும். ஜேர்மன் மொழிப் பரீட்சை நடத்தும் கோதே நிறுவனத்தின் ஏ1 பேச்சுப் பரீட்சையின் கடைசிப் பகுதியும், படம் பார்த்து மற்றவரிடம் ஒன்றைத் தரும்படியோ செய்யும்படியோ கேட்பதும் மற்றவர் கேட்பதற்குப் பதில் சொல்வதும்தான்.