ரூகர் 'சிக்ஸ்' ரிவால்வர்: செக்யூரிட்டியா, சர்வீஸா, ஸ்பீடா? பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

பழைய ரிவால்வர் விற்பனைப் பட்டியல்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ரூகர் கம்பெனி 1972 முதல் 1988 வரை தயாரித்து நிறுத்திய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் வரிசையில் மூன்று பெயர்கள் உண்டு: செக்யூரிட்டி-சிக்ஸ், சர்வீஸ்-சிக்ஸ், ஸ்பீடு-சிக்ஸ். மூன்றுக்கும் ஒரே உடம்பு, உள்ளே இருக்கும் பொறியும் ஒன்றுதான். அதனால் விற்கிறவர்கள் பாதிப்பேர் எல்லாவற்றையும் 'செக்யூரிட்டி-சிக்ஸ்' என்றே எழுதிவிடுகிறார்கள், விலையும் அதற்கேற்பக் கேட்கிறார்கள். புதிதாகச் சேகரிக்க வருகிறவர் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். டபுள் ஆக்‌ஷன் என்றால் என்ன, .38-க்கும் .357-க்கும் என்ன உறவு என்பதெல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று பார்ப்பது. கடைக்காரர் இப்போதுதான் பார்த்துவிட்டுக் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

முதல் படி: இது 'சிக்ஸ்' தானா?

சிலிண்டரைத் திறக்கும் பொத்தானைப் பாருங்கள். ரூகரில் இடப்பக்கம் உள்ள பொத்தானை உள்ளே அழுத்த வேண்டும். ஸ்மித் அண்டு வெசனில் முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும். வலப்பக்கம் திருகு போட்டு மூடிய தகடு இருந்தால் அது ரூகரே இல்லை. சிக்ஸ் வரிசையின் ஃப்ரேமில், அதாவது துப்பாக்கியின் உடல் சட்டத்தில், பக்கத் தகடு கிடையாது, டிரிகர் அமைப்பு முழுவதும் கீழ்ப்பக்கமாகக் கழன்று வரும். இந்த வரிசையை ஆட்கள் இன்னும் தேடுவதற்கு இந்த உறுதியான உடம்புதான் காரணம். அந்தக் காலத்து ஸ்மித் அண்டு வெசன் மாடல் 19-இல் பேரலின் பின்முனை அடியில் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்கியிருப்பார்கள், .357 தோட்டாவை நிறையச் சுட்டால் அந்த மெல்லிய இடத்தில் விரிசல் விடும் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ரூகரின் மேல் அந்தக் குறை சொல்லிக் கேட்க மாட்டீர்கள்.

அடுத்த குழப்பம் ஜிபி100. சிக்ஸ் வரிசைக்குப் பதிலாக எண்பதுகளின் நடுவில் ரூகரே கொண்டுவந்தது. ஜிபி100-இல் கைப்பிடிக்குள் ஒரு சின்ன முளைதான் இருக்கும், அதைச் சுற்றி ரப்பர் பிடி முழுதாகப் போர்த்தியிருக்கும். சிக்ஸில் ஃப்ரேமே கைப்பிடியின் வடிவத்தில் கீழே இறங்கி வருவதால், மரப்பிடி போட்டிருந்தால் முன்னும் பின்னும் இரும்பு ஒரு பட்டையாகத் தெரியும். பெரும்பாலான ஜிபி100-களில் பேரலுக்கு அடியில் உள்ள கனமான பகுதி முனைவரை நீளும், சிக்ஸில் பாதியிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் படி: பின் சைட்

இது சுலபம். பின்பக்கம் குறிபார்க்கும் சைட் தனித் துண்டாக, திருகு வைத்து ஏற்றி இறக்கும்படி இருந்தால் செக்யூரிட்டி-சிக்ஸ். ஃப்ரேமின் மேலேயே ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டிவிட்டிருந்தால் பெரும்பாலும் சர்வீஸ் அல்லது ஸ்பீடு. போலீஸ்காரர் இடுப்பில் வைத்து இழுக்கும்போது உறையில் சிக்கக்கூடாது, கீழே போட்டாலும் குறி மாறக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நிலையான சைட். சர்வீஸ்-சிக்ஸின் பழைய பெயரே போலீஸ் சர்வீஸ்-சிக்ஸ்.

மூன்றாம் படி: கைப்பிடியின் அடிப்பகுதி

இங்கேதான் ஆள் விழுவார். சர்வீஸ்-சிக்ஸுக்கு அடி சதுரம், ஸ்பீடு-சிக்ஸுக்கு அடி உருண்டை, கோட்டுக்குள் மறைத்து வைத்தால் புடைத்துத் தெரியாமல் இருக்க. காகிதத்தில் படிக்க இவ்வளவுதான். ஆனால் நாற்பது ஐம்பது வருஷப் பழைய துப்பாக்கியில் கம்பெனி கொடுத்த மரப்பிடி அப்படியே இருப்பது அதிர்ஷ்டம். பலர் அந்தக் காலத்திலேயே பேக்மேயர் ரப்பர் பிடி வாங்கி மாட்டியிருப்பார்கள், உருண்டை அடியின் மேல் பெரிய சதுர ரப்பரைப் போட்டுவிட்டால் ஸ்பீடு-சிக்ஸ் அச்சு அசலாக சர்வீஸ்-சிக்ஸ் போலவே நிற்கும். படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

வழி ஒன்றுதான்: பிடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரே ஒரு திருகு. விற்கிறவர் தயங்கினால், "ரப்பருக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள், அதுவும் உண்மையான காரணம்தான், வியர்வை தேங்கி அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். கழற்றிய பிறகு ஃப்ரேமின் இரும்புக் கோட்டை மட்டும் பாருங்கள். பின்பக்கக் கோடு நேராக இறங்கிக் கீழே மூலையாக முடிந்தால் சதுரம், மூலையே இல்லாமல் உள்பக்கமாக வளைந்து போனால் உருண்டை. இதற்குச் சரியான அளவில் வாய் உள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். வீட்டில் கிடக்கும் கூம்பு முனை ஸ்க்ரூடிரைவரைத் தயவுசெய்து தொடாதீர்கள், திருகின் தலை பிய்ந்துபோன துப்பாக்கிக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். துப்பாக்கி வேலைக்கென்றே விற்கும், முனை கூம்பாமல் ஒரே தடிமனில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் பிட் தொகுப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள், மலிவானதே போதும்.

பிடி கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆரம்பகாலத்து ஃப்ரேம்களில், ஹேமருக்கு (தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்திக்கு) கீழே கைப்பிடியின் பின்முதுகு தொடங்கும் இடம் தாழ்வாக இருக்கும். இவற்றை 'லோ பேக்' என்பார்கள். பிறகு அந்த இடத்தை உயர்த்திவிட்டார்கள், அது 'ஹை பேக்'. சீரியல் நம்பர் 150 என்று தொடங்கும் ஆரம்பகாலத் துப்பாக்கிகளில்தான் லோ பேக் பார்க்கலாம். இது சேகரிப்பவர்களின் வெட்டிப் பெருமை என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்குச் செய்த பிடி இன்னொன்றில் சரியாக உட்காராது, மேலே இடைவெளி விட்டு நிற்கும். பழைய மரப்பிடி வாங்கும்போது எந்த முதுகுக்கு என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

நான்காம் படி: மாடல் எண்

துப்பாக்கியின் மேல் தேடாதீர்கள், இவை விலைப்பட்டியலில் வரும் எண்கள். ஆனால் ஒரு ஒழுங்கு இருப்பதால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடைசி இலக்கம் தோட்டாவைச் சொல்லும்: 7 என்றால் .357 மேக்னம், 8 என்றால் .38 ஸ்பெஷல், 9 என்றால் 9 எம்எம். செக்யூரிட்டி-சிக்ஸ் கருநீல இரும்பில் 117, ஸ்டெயின்லெஸ்ஸில் 717. சர்வீஸ்-சிக்ஸ் 107, 108, 109, ஸ்டெயின்லெஸ்ஸில் 707, 708. ஸ்பீடு-சிக்ஸ் 207, 208, 209, ஸ்டெயின்லெஸ்ஸில் 737, 738, 739. ஸ்டெயின்லெஸ் வந்தது 1975-இல், ஆகவே 1973-இல் வாங்கிய ஸ்டெயின்லெஸ் என்று யாராவது கதை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பெட்டியோடு கிடைத்தால் பெட்டியின் ஓரத்துச் சீட்டில் வேறொரு குறியீடு இருக்கும். உதாரணமாக ஜிஎஸ்-32 என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்பீடு-சிக்ஸ், 3 என்பது .357-ஐயும் 2 என்பது 2¾ அங்குலப் பேரலையும் குறிக்கும். பெட்டி பொருந்துகிறதா என்று பார்க்க இது உதவும். பெட்டியை மாற்றிப் போட்டு விற்பது சர்வ சாதாரணம்.

.38 ஸ்பெஷல் மாடல்களில் ஒரு எச்சரிக்கை. .357 தோட்டாவின் கூடு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளம். .38 துப்பாக்கியின் அறையைக் குடைந்து .357 போடும்படி மாற்றியவர்கள் உண்டு. பேரலில் .38 என்று பதித்திருந்து .357 தோட்டா முழுதாக உள்ளே போகிறது என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதை வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பேரல் அளவு

2¾, 4, 6 அங்குலம், இவைதான் வழக்கமாகக் கிடைப்பவை. ஸ்கேலை ஃப்ரேமின் முன்முகத்தில் வைத்தால் அளவு குறைவாக வரும், ஏனென்றால் பேரலின் கொஞ்சம் ஃப்ரேமுக்குள்ளேயே போகிறது. சிலிண்டரை மூடிவைத்து, அதன் முன்முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அந்த மெல்லிய இடுக்கிலிருந்து குழல் முனைவரை, வெளிப்பக்கமாக அளக்க வேண்டும். 2¾ என்றால் 70 மில்லிமீட்டர், 4 என்றால் 102. 'அபூர்வமான 3½ அங்குலப் பேரல்' என்று விளம்பரத்தில் பார்த்தால் ஸ்கேலை எங்கே வைத்து அளந்தார் என்பதை முதலில் கேளுங்கள்.

ஆறாம் படி: வருஷம்

சீரியல் நம்பரின் முன்னொட்டை வைத்து ரூகரின் இணையதளத்திலேயே தோராயமான ஆண்டைப் பார்க்கலாம். அது போதாது, தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய விவரமே வேண்டும் என்றால் கட்டணம் செலுத்தி அவர்களிடமே அத்தாட்சிக் கடிதம் வாங்கலாம். சாதாரணமாகக் கிடைக்கும் 4 அங்குலத்துக்கு அது தண்டச்செலவு, 9 எம்எம் மாதிரி அரிதானதற்கு மட்டும் வாங்குங்கள். பேரலில் 'அமெரிக்க விடுதலையின் 200-ஆவது ஆண்டில் செய்தது' என்ற பொருளில் ஒரு வரி பதித்திருந்தால் 1976. அந்த ஒரு வரிக்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள், நான் கொடுக்கமாட்டேன், அந்த வருஷம் ரூகர் செய்த மற்றத் துப்பாக்கிகளிலும் அது இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? என் ஓட்டு 4 அங்குல ஸ்டெயின்லெஸ் சர்வீஸ்-சிக்ஸ், அதாவது 707. ஸ்பீடு-சிக்ஸ் 737-க்கு இன்று ஒரு மவுசு வந்துவிட்டது, செக்யூரிட்டி-சிக்ஸைப் பெயர் தெரிந்த எல்லாரும் கேட்கிறார்கள், நடுவில் சர்வீஸ் மட்டும் கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. போலீஸ் துறைகள் கழித்துவிட்டவையாக இருந்தால் வெளியே உறையில் தேய்ந்து அசிங்கமாக இருக்கும், ஆனால் அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். தேய்மானத்தைப் பேரல் முனையில் பார்க்காதீர்கள், ஹேமரை மெதுவாக இழுத்துக் கடைசிவரை போனபின் சிலிண்டர் பூட்டி நிற்கிறதா, ஆறு அறைக்கும் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சேர்த்தது: 9 எம்எம் வாங்கிய ஒருவர், சுட்ட கூடுகள் வெளியே வரவில்லை என்று கேட்டிருந்தார். 9 எம்எம் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது, கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டருக்குப் பிடிக்க எதுவும் இல்லை, ஆகவே தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பில் கோத்துத்தான் போட வேண்டும். துப்பாக்கியோடு கிளிப் வருகிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இன்னொருவர் கொக்கி இல்லாத ஹேமர் உள்ள ஸ்பீடு-சிக்ஸ் போலியா என்றார். இல்லை, காவல்துறைகளுக்காகக் கம்பெனியே அப்படிச் செய்து கொடுத்ததுண்டு. வீட்டில் அரத்தால் அறுத்ததும் உண்டு. வெட்டிய முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், அரத்தின் கீறல் தெரிந்தாலோ மெருகு மற்ற இடங்களோடு ஒட்டாமல் இருந்தாலோ அது வீட்டு வேலை.

கடைசியாக, தேடும்போது 'ரூகர் செக்யூரிட்டி' என்று மட்டும் போட்டால் செக்யூரிட்டி-9 வந்து பக்கம் முழுவதும் நிரம்பும். அது 2017-இல் வந்த பிஸ்டல், இந்த வரிசைக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு கிடையாது. 'சிக்ஸ்' என்பதையும் சேர்த்து, நடுக்கோடு போட்டும் போடாமலும் இரண்டு தடவை தேடுங்கள்.